நானூற்றுப் பன்னிரண்டுக்குப் போட்ட வழி

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது விசிறிகளைத் துடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இடது பக்கத்தில் இரண்டு இருக்கின்றன. உங்கள் பொலிஸ் ஆட்கள் செவ்வாய்க்கிழமை அதைக் கழற்றிக்கொண்டு போனபோது தரையில், கம்பளத்தின் மேல் வைத்ததைப் பார்த்தேன். தூசி ஏறினால் சூடாகும், சூடானால் ஆயுள் குறையும். நல்ல பெட்டி அது. ஐந்து வருடத்தில் ஒரு நாளும் என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. அதில் பழுது இருந்தது என்று யாராவது எழுதினால் அது பொய்.

இதை நான் தமிழில் எழுதுகிறேன். வேலைக்கு வேண்டிய அளவு பிரெஞ்சு எனக்குத் தெரியும். இந்த மாதிரி அலுவலுக்கு அது காணாது. முதலில் வாயால் சொல்லத்தான் தொடங்கினேன். மொழிபெயர்ப்பதற்கு நீங்கள் கூப்பிட்டிருக்கும் அனுப்ரியா பிள்ளை சென்னையில் இருந்து படிக்க வந்தவர். நான் இரண்டு வசனம் சொல்வதற்குள், "சார், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, உங்க தமிழ் எனக்கு அப்படியே பிடிபடல" என்றார். குற்றம் அவருடையதல்ல. யாழ்ப்பாணத்தார் சொல்லில் பாதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுவோம். எழுத்தில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே தமிழ். அவர் இதை வாசித்து, ஐயா, உங்களுக்குப் பிரெஞ்சில் சொல்வார்.

என் பெயர் மகேந்திரராசா. வயது ஐம்பத்தொன்பது. தொண்ணூற்றைந்தில் மொன்றியலுக்கு வந்தேன். எட்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு மாலை வகுப்புக்குப் போய்க் கணினி வலையமைப்பு வேலை படித்தேன். கோட்-டெ-நெய்ஜில் உள்ள அந்த முதியோர் இல்லத்தின் வலையமைப்பு முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. என் மனைவி யோகராணி அதே இல்லத்தில் பராமரிப்பாளர். கடந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நான்காம் மாடியில் நானூற்றுப் பன்னிரண்டாம் அறையில் இருந்த அல்போன்சம்மா என்ற எண்பத்திரண்டு வயது அம்மா இறந்துபோனார். இறக்கும் முன் பதினான்கு தரம் மணி அடித்திருக்கிறார். யோகராணி போகவில்லை. மணி கேட்டும் வேண்டுமென்றே போகாமல் நின்றாள் என்பதுதான் அவள்மீது உள்ள குற்றச்சாட்டு. சிறைக்குக்கூடப் போக நேரலாம் என்று தொழிற்சங்க வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

அவள் குற்றமற்றவள். அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் அதற்கு வேண்டிய விளக்கம்.

அந்தப் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். விளக்குப் போடுகிற சுவிட்சுக்கா இவ்வளவு படிப்பு என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள், யோகராணியும் சிரித்தவள்தான். அது செய்கிற வேலையை இப்படிச் சொல்லலாம். ஒரே ஒழுங்கைக்குள், அதாவது ஒரே சந்துக்குள், இருப்பவர்கள் வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் கதைக்கலாம், விலாசம் தேவையில்லை. வேறு ஊருக்குச் செய்தி போக வேண்டுமென்றால் விலாசம் வேண்டும், எந்தச் சந்தியில் திரும்புவது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். முன்பெல்லாம் இந்த இரண்டுக்கும் இரண்டு பெட்டி. ஒன்று ஒழுங்கைக்குள் இருப்பவர்களை இணைக்கும், மற்றது ஊருக்கு ஊர் வழிகாட்டும். இந்தப் பெட்டி இரண்டையும் தானே செய்யும். ஒரு செய்தி வந்தால், உள்ளூர் என்றால் அப்படியே தள்ளிவிடும். வெளியூர் என்றால் தன்னிடம் எழுதி வைத்திருக்கும் வரிகளைப் பார்க்கும். விடு என்று எழுதியிருந்தால் விடும், விடாதே என்று எழுதியிருந்தால் விடாது. விடாததை யாருக்கும் சொல்லாது. அனுப்பியவருக்கும் சொல்லாது. செய்தி இல்லாமல் போய்விடும், அவ்வளவுதான்.

இல்லத்தில் ஒவ்வொரு மாடியையும் ஒவ்வோர் ஒழுங்கையாகப் பிரித்திருந்தேன். நான்காம் மாடியில் ஒருவர் மணி அடித்தால் நான்காம் மாடியில் வேலை செய்கிறவர்களின் கைபேசிகளில் கேட்கும். இரண்டாம் மாடியில் கேட்காது. கேட்கத் தேவையும் இல்லை. அந்த ஒழுங்கில் நானே ஒரு விலக்கைச் செய்தேன்.

அல்போன்சம்மா யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். நாற்பது வருடம் இந்த நகரத்தில் இருந்தவர், பிரெஞ்சு நன்றாகக் கதைத்தவர். மறதி நோய் வந்தபோது பிந்தி வந்தது முந்திப் போயிற்று. பிரெஞ்சு போனது, ஆங்கிலம் போனது, தமிழ் மட்டும் மிஞ்சியது. மூச்சுக் கஷ்டத்துக்காக எந்நேரமும் மூக்கில் ஒக்சிசன் குழாய் இருக்கும். நான்காம் மாடியில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. யோகராணிக்கு வேலை இரண்டாம் மாடியில். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்த அம்மா மணி அடிச்சால் எனக்கும் கேட்கிற மாதிரிச் செய்ய ஏலாதே? பாவம், தண்ணி எண்டு கேட்டாலும் அங்க ஒருத்தருக்கும் விளங்குதில்லை."

"செய்யலாம். ஒரு வரிதான்," என்றேன்.

மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டின் மணி நான்காம் மாடி முழுவதும் கேட்கும். அதோடு, யோகராணி எந்த மாடியில் நின்றாலும் அவளுடைய கைபேசிக்கும் போகும். நல்ல மனத்தோடுதான் செய்தேன். மேலாளர் 'மெர்சி', அதாவது நன்றி, என்று எழுதிய சின்னக் கேக் ஒன்றைத் தந்தார். யோகராணி அதில் ஒரு துண்டை நானூற்றுப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான்காம் மாடிக்காரர்கள் கைபேசியில் நானூற்றுப் பன்னிரண்டு என்று விழுந்தால் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். யோகா வருவாள் என்பார்கள். அந்த மாடிக்குப் பொறுப்பான கிறகரி என்ற ஹெய்ட்டிக்காரர் தங்கமான மனிதர். அவரும் அப்படித்தான் பழகிவிட்டார். நாம் போனாலும் அந்த அம்மாவுக்கு நம் பேச்சு விளங்காது, யோகா எப்படியும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவாள், பிறகு ஏன் போக வேண்டும். விதி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மாடி முழுக்கக் கேட்கிற ஒரு மணி ஒரே ஒருத்திக்கு உரியதாகிவிட்டது. இது எனக்குத் தெரிந்திருந்தது.

பராமரிப்பாளர் ஒருவர் ஓர் அறைக்குள் போனதும் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், வெளியே வரும்போது மறுபடி அழுத்த வேண்டும். பேஸ்மென்ட்டில் ஒரு கணினி எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். மாதக் கடைசியில் அந்தப் பதிவைச் சரிபார்ப்பது என் வேலை. ஓர் அறைக்குச் சராசரி நான்கு நிமிடம். யோகராணியும் மற்ற அறைகளில் நான்கு, ஐந்து. நானூற்றுப் பன்னிரண்டில் மட்டும் பதினெட்டு, இருபத்திரண்டு, ஒரு நாள் முப்பத்தொன்று.

தண்ணீர் கொடுக்க முப்பத்தொரு நிமிடம் எடுக்காது.

யோகராணி வீட்டில் அதிகம் கதைக்காதவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முப்பது வருடத்தில் நாங்கள் சண்டை பிடித்ததில்லை. அதை நாலு பேருக்கு நடுவில் நான் பெருமையாகவே சொல்வேன். வேலையால் வந்தால் தேநீர், சமையல், கொஞ்ச நேரம் தொலைக்காட்சி. நான் எதைக் கேட்டாலும் ஓம், இல்லை, பேந்து பாப்பம், அதாவது பிறகு பார்க்கலாம். மூன்று பதில்தான். அப்படிப்பட்டவள் ஒரு கிழவியோடு முப்பத்தொரு நிமிடம் என்ன கதைக்கிறாள் என்று யோசிப்பது ஒரு புருஷனுக்குத் தவறில்லை.

கேட்டேன்.

"அவவோட நான் என்னத்தைக் கதைக்கிறது? காலைப் பிடிச்சு விடுவன். அவ என்னைத் தன்ர தங்கச்சி எண்டு நினைச்சு ஏதாவது சொல்லுவா. நான் ஓம் போடுவன்."

பதில் சரியாக இருந்தது. அளவுக்கு மீறிச் சரியாக இருந்தது.

ஜனவரியில் நான்காம் மாடிக் கூரையில் இருந்த கருவி ஒன்றை மாற்றப் போனேன். அது நானூற்றுப் பன்னிரண்டுக்குள் இருந்தது. ஏணியில் ஏறி நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"நீர்தானோ யோகாவின்ர மனுசன்?"

"ஓம் அம்மா."

அல்போன்சம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு "ம்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த "ம்" என்னோடு வீட்டுக்கு வந்தது. தான் பெற்ற மகளையே சில நாட்களில் யாரென்று கேட்கிறவர் அவர். அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. மறதி நோய்க்காரர் மனதில் ஒரு விஷயம் நிற்க வேண்டுமென்றால் அதை எத்தனை தரம் சொல்லியிருக்க வேண்டும். அப்படி என்ன சொல்லியிருக்க வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அரண்டவன் அல்ல. அளந்து பார்க்கிறவன். பெப்ரவரி முழுவதும் அளந்தேன். அவளுடைய தங்கையைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ண முடியாது என்று நான் சொன்ன நாளுக்கு அடுத்த நாள், நானூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தெட்டு நிமிடம். அவளுடைய கைபேசியை வாங்கி யார் யாரோடு கதைத்தாள் என்று நான் பார்த்த நாளுக்கு அடுத்த நாள், நாற்பத்தொன்று. ஒன்றுமில்லாத நாட்களில் பதினைந்துக்குக் கீழே. காலைப் பிடித்துவிடுவதற்கும் என் வீட்டில் நடப்பதற்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்.

என்னைப் பற்றி அங்கே ஏதோ சொல்லப்படுகிறது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. அந்தக் கட்டிலில் கிடப்பவருக்குத் தெரியும். இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, ஐயா. வேலைக்குப் போகும் அவளுடைய முதுகைப் பார்க்கும்போது, இது எனக்குத் தெரியாத எதையோ சுமந்துகொண்டு போகிறது என்று தோன்றும்.

ஆகவே ஒரு சோதனை செய்வது என்று தீர்மானித்தேன். வலையமைப்பு வேலையில் சந்தேகம் வந்தால் அப்படித்தான் செய்வோம். ஒரு வழியை அடைத்துவிட்டு, செய்தி வேறு வழியால் போகிறதா என்று பார்ப்போம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவள் மணி கேட்டுப் போகிறாளா, மனம் கேட்டுப் போகிறாளா. மணி அவளுக்குக் கேட்காமல் செய்தால், கூப்பிடாமலே அவள் அங்கே போனால், அவளுக்குத்தான் அந்தக் கிழவி தேவை என்று ஆகும். போகாவிட்டால் நான் நினைத்தது பிழை.

ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்தெடுத்தேன். எனக்கு விடுமுறை நாள், நேரம் இருந்தது. யோகராணி காலை ஏழு மணி தொடக்கம் மூன்று மணி வரை வேலை. பார்க்-எக்ஸ்டென்ஷனில் உள்ள எங்கள் வீட்டில் இருந்தபடியே அந்தப் பெட்டிக்குள் நான் போகலாம். அதற்கு எனக்கு அனுமதி உண்டு. பிற்பகல் ஒரு மணிக்கு அந்த ஒரு வரியில் விடு என்று இருந்ததை விடாதே என்று மாற்றினேன். நான்காம் மாடிக்குள் மணி வழக்கம்போலக் கேட்கும். அதை நான் தொடவில்லை. மணி ஒலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் கைபேசி எந்த மாடியில், எந்த அறையில் இருக்கிறது என்பதையும் பெட்டி காட்டும். இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு முதலாவது மணி. கைபேசி இரண்டாம் மாடிச் சாப்பாட்டறையில் இருந்தது. இரண்டு ஏழுக்கு இன்னொன்று, பிறகு ஒன்பதுக்கு, பதினொன்றுக்கு. ஐந்தாவது மணி இரண்டு பதினான்குக்கு. கைபேசி அசையவில்லை. கூப்பிட்டால்தான் அவள் போகிறாள், தானாகப் போகவில்லை. என் மனைவி சுத்தமானவள். நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது, அதை நான் மறைக்கவில்லை. எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக் குடித்தேன். பிறகு அந்த வரியைப் பழையபடி மாற்றினேன்.

அல்போன்சம்மாவின் மகள் நிரோஜா லவாலில் இருக்கிறார். ஞாயிறு தோறும் பூசை முடிந்து, மெட்ரோ பிடித்து, மூன்று மணிக்குத் தாயைப் பார்க்க வருவார். அன்றும் வந்தார். குழாய் மூக்கில் இருந்து கழன்று கழுத்தில் கிடந்தது. மணியின் பொத்தான் கையில் இருந்தது. குழாயைத் திருப்பிப் போட அரை நிமிடம் போதும் என்று தாதி சொன்னாராம்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. கிறகரி, மணி கேட்டது, யோகா போவாள் என்று நினைத்தேன் என்று சொல்லி அழுதார். யோகராணி, "சத்தியமா எனக்குக் கேட்கேல்லை" என்றாள். பேஸ்மென்ட் கணினியைப் பார்த்தார்கள். அது மணி அனுப்பியதை எழுதும், போய்ச் சேர்ந்ததை எழுதாது. யோகராணிக்குப் பதினான்கு தரம் அனுப்பப்பட்டது என்று அதில் இருந்தது. அதில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. பெட்டியைச் சோதித்து அறிக்கை தரும்படி மேலாளர் என்னைத்தான் கேட்டார். பெட்டி சரியாக வேலை செய்கிறது, நானூற்றுப் பன்னிரண்டுக்கான வரி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று எழுதினேன். இரண்டும் உண்மை. பொய் சொல்கிறாள் என்று யோகராணியை வேலையில் இருந்து நிறுத்தினார்கள்.

நான் அவளை ஒரு நாளும் ஏசவில்லை. இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

"சில வேளை கேட்டிருக்கும், யோகா. உமக்கு அலுப்பு. மனுசருக்கு நடக்கிறதுதானே," என்றுதான் சொன்னேன்.

"இல்லையப்பா, கேட்கேல்லை."

"சரி, கேட்கேல்லை."

அடுத்த கிழமை அவள் சமையலறையில் நிற்கும்போது நான் போய், "மூன்று தரம் கூப்பிட்டன், உமக்குக் கேட்கேல்லையோ?" என்று கேட்டேன். அவள் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். நான் கூப்பிட்டிருக்கவில்லை. இரண்டு நாள் விட்டு இன்னொரு தரம். பிறகு கிழமைக்கு இரண்டு, மூன்று. எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள். காது வைத்தியரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். காதில் ஒரு குறையும் இல்லை என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அப்பக் காது இல்லை, கவனம்தான்" என்றேன். அவள் கைப்பையின் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். கேட்கவில்லை என்று அவள் பிடிவாதமாக நின்றால் பொய்க்காரி என்று ஊர் சொல்லும். கேட்டது, கவனிக்கவில்லை என்று சொன்னால் பாவம், களைத்துப்போனவள் என்று சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எது அவளுக்கு நல்லது என்று நான்தானே யோசிக்க வேண்டும். ஜூலையில் உங்கள் ஆட்களிடம், கேட்டிருக்கலாம் என்று சொன்னாள். ஓகஸ்ட் மாதத்தில், கேட்டது, நான் போகவில்லை என்று கையெழுத்து வைத்துவிட்டாள். பொய் சொல்லவில்லை அவள். அந்த நேரத்தில் அவளுக்கு அந்த மணி உண்மையாகவே கேட்கத் தொடங்கியிருந்தது. சோறு வடிக்கும்போது கேட்கும், குளிக்கும்போது கேட்கும். ஓடிவந்து கதவைத் திறந்து பார்ப்பாள்.

அந்த ஐந்து மாதமும் அவள் வீட்டில் இருந்தாள். வேறு எங்கும் போகவில்லை, ஒருவரோடும் கதைக்கவில்லை. என்னோடு கதைத்தாள். காலையில் தொடங்குவாள். "நான் அப்ப எங்க நிண்டனான்? கைபேசி எந்தப் பொக்கெற்றுக்குள்ள இருந்தது? உங்களுக்கு என்ன தோன்றுது?" என்று கேட்பாள். நான் பொறுமையாகப் பதில் சொல்வேன். முப்பது வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு கதைத்ததில்லை. நல்ல மாதங்கள் அவை. அப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டெம்பர் தொடக்கத்தில் நிரோஜா எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டை பிடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. நான் முன்னறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருந்தேன். ஐம்பது நிமிடம். அழுகிற சத்தம் கேட்டது. யாருடையது என்று சொல்ல முடியவில்லை. வெளியே வந்து காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று நிரோஜா சொன்னார்.

"அண்ணை, அக்கா ஒரு தரம் கவனிக்காமல் விட்டிருப்பா எண்டால் நான் நம்புவன். பதினாலு தரமும் கேட்டுக்கொண்டு நிண்டவ எண்டு அவவே சொன்னாலும் நம்பமாட்டன். அம்மாவின்ர நகத்தை வெட்டி விட்டது ஆர், அக்காதானே. அந்தப் பெட்டியை வேற ஆரும் ஒருக்காப் பாக்கட்டும்."

அவர் சொன்னதோடு நிற்கவில்லை, வழக்கறிஞரிடம் போனார். அதற்குப் பிறகும் இரண்டு தரம் வந்தார். ஒரு தரம் ஒரு மணித்தியாலம், மற்றத் தரம் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். கதவு சாத்தியபடி. கடைசித் தரம் அவர் வந்துபோன பிறகு யோகராணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கே நின்றேன், என்ன தோன்றுகிறது என்று ஒரு கேள்வியும் இல்லை. ஓம், இல்லை, பேந்து பாப்பம். பழையபடி அந்த மூன்று பதில்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் பெட்டியைக் கொண்டுபோனீர்கள். இன்று வியாழக்கிழமை நான் வந்திருக்கிறேன். வரி மாறிய நேரம் இரண்டும் பெட்டிக்குள் பதிந்திருக்கிறது, நாளைக்கோ மறுநாளோ நீங்கள் எப்படியும் கண்டுபிடிப்பீர்கள். நான் அதற்காக வரவில்லை. என் மனைவியைக் காப்பாற்ற வந்தேன்.

எழுதியதை ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன். மூன்று இடத்தைத் திருத்த வேண்டும். என் வேலையில் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

முதலாவது, அன்று பிற்பகல் நான் ஜான்-டலோன் சந்தைக்குப் போயிருந்ததாக மார்ச் மாதம் உங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். சந்தைக்குப் போனது சனிக்கிழமை. அதற்கு ஆதாரமாக நான் காட்டிய கத்தரிக்காயும் சனிக்கிழமை வாங்கியதுதான். ஞாயிறு முழுவதும் வீட்டில், கணினிக்கு முன்னால் இருந்தேன்.

அடுத்தது, விடுமுறை நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்தெடுத்ததாக எழுதினேன். வேலை அட்டவணையையும் பார்த்தேன். அந்த மாதத்தில் கிறகரி தனியாக நான்காம் மாடியைப் பார்த்த நாள் அது ஒன்றுதான். மற்ற நாட்களில் ஒரு புதிய ஆள் கூட நிற்பாள். புதியவளுக்கு அந்தப் பழக்கம் தெரியாது, மணி கேட்டால் போய்விடுவாள்.

கடைசியாக, தேநீர் குடித்தேன், பிறகு வரியை மாற்றினேன் என்று எழுதினேன். அந்தப் 'பிறகு' சரியில்லை. இரண்டு பதினான்குக்கு ஐந்தாவது மணி அடித்தபோதே என் சோதனைக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த ஒரு சொல்லை மாற்ற எனக்கு ஆறு விநாடி போதும். நான் மாற்றவில்லை. தேநீரைக் கொண்டுவந்து கணினிக்கு முன்னால் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பதினெட்டு. இரண்டு பத்தொன்பதில் இரண்டு தரம். பிறகு இடைவெளி கூடியது. பதினான்காவது மணி இரண்டு நாற்பத்தொன்றுக்கு. அதற்குப் பிறகு வரவில்லை. இன்னும் பத்து நிமிடம் பொறுத்து, இனி வராது என்று நிச்சயமான பிறகுதான் வரியைப் பழையபடி மாற்றினேன். அந்த அம்மா மூச்சுக்காக அடிக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தண்ணீருக்கு அடிப்பவர் இரண்டு தரம் அடிப்பார், விடுவார். ஒரு வருடப் பதிவு என்னிடம் இருந்தது. அல்போன்சம்மாவை நான் கொன்றேன். அவருக்குத் தெரிந்தது அவரோடு போகட்டும் என்று விட்டேன்.

இவ்வளவுதான் என் வாக்குமூலம். யோகராணிமீது உள்ள வழக்கை எடுத்துவிடுங்கள், ஐயா. அவளுக்கு மணி கேட்கவில்லை, கேட்க வழி இருக்கவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் இனி நம்ப மாட்டாள்.

அனுப்ரியா பிள்ளை, உங்களுக்கு ஒன்று. நேற்று யோகராணி இதே மேசையில் இருந்து உங்களோடு ஒரு மணித்தியாலமும் இருபத்தைந்து நிமிடமும் கதைத்தாள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஐயாவுக்கு மொழிபெயர்க்க அவ்வளவு நேரம் எடுக்காது. என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாள்? இந்தக் கேள்வியை மட்டும் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டாம்.